இரண்டு தட்டு

நாலு வருசம் எனக்கிருந்தது ஒரே வேலை.
ஏற்றத்தில் லொறி திணறி நிற்கும்.
"கட்டை!" என்று மேலிருந்து குரல் விழுமுன்
நான் ரோட்டில் நிற்பேன்.
சவுக்கு மரத்தில் முக்கோணமாய் அறுத்தது,
டயர் கடித்துக் கடித்து ஒரு பக்கம் கறுத்தது.
பின்சக்கரத்தடியில் உதைத்துத் திணித்துவிட்டுப்
பக்கப் பலகையில் இரண்டு தட்டு.
கட்டை நிற்கிறது என்று
அதுதான் நான் போட்ட கையெழுத்து.

ஃபெரோஸ் நானா தேத்தண்ணிக்குப் போகும் பத்து நிமிடம்
என் பள்ளிக்கூடம்.
முன்னுக்கு ஐந்தடி, பின்னுக்கு ஐந்தடி,
காலி மரக்கறிக் கூடைகளுக்கும் மதிலுக்கும் நடுவே.
சாவியை அவர் விட்டுப் போனது மறதியா, மனசா
கேட்டதில்லை.
கேட்டால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

சின்ன லைசன் எடுத்து, ரெண்டு வருசம் பொறுத்து,
பெரியதுக்கு எழுதிப் போட்டேன்.
மெடிக்கலில்
பச்சை எதுவென்று டொக்டர் கேட்டார்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டலாமென்று தோன்றியது.
அட்டையில் இருந்ததைத் தொட்டுக் காட்டினேன்.
ட்ரையலில் இரண்டு தகரப் பீப்பாவுக்கு நடுவே
பின்னுக்கு எடுக்கச் சொன்னார்கள்.
முதல் தரம் பீப்பா விழுந்தது.
மூன்று மாதம் கழித்து
பீப்பா விழவில்லை, அவ்வளவுதான்.

"எக்ஸ்பீரியன்ஸ்?" என்றார் நானுஓயாவில் ஒருவர்.
லொறியில் நாலு வருசம் என்றேன்.
"எந்தப் பக்கத்துக் கதவு?" என்றார்.

தலவாக்கலையில் ஹார்ட்வெயார்க்காரர்
லைசன் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார்.
பிறகொரு நாள் போனேன்.
அதன் பின்பக்கத்தில்
சிமெந்துக் கணக்கு எழுதியிருந்தது.
தோட்டத்துக் கொழுந்து லொறிக்குக் கேட்டேன்.
கிளாக்கர் தலை நிமிரவில்லை:
"மலை வேலைக்கு வேணுமெண்டா
இப்பவே பேர் பதியலாம்."

பிறகு, ஒரு ராத்திரி பதினொன்றே காலுக்கு,
கந்தப்பொளையிலிருந்து ஒரு போன்.
சாரதிக்குக் காய்ச்சல். லீக்ஸ் ஏற்றியாச்சு.
"லைசன் இருக்கா?"
இருக்கு.
"நித்திரை வருமா?"
வராது.
"அப்ப வா."
வேறொன்றும் கேட்கவில்லை.
லீக்ஸ் வாடினால் விலை இல்லை.

கிளீனர் பொடியன் பேர் தர்ஷன்.
ஏறியதும் தூங்கிவிட்டான்.
என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவனால்தான்
அப்படித் தூங்க முடியும்.
றம்பொடை வளைவுகளை இரண்டாம் கியரிலேயே இறங்கினேன்.
பின்னால் ஒரு வேன்காரன்
கம்பளை வரைக்கும் ஹோர்னில் என்னை ஏசினான்.
தம்புள்ளையில் லீக்ஸ் இறங்கியது.
பம்பாய் வெங்காயம் ஏறியது, எண்பது மூடை.

திரும்பி வரும்போது அதே றம்பொடை.
இப்போது ஏற்றம். பனி.
முன்னால் போன பஸ் வளைவில் நின்றது;
நானும் நிற்க
எஞ்சின் அணைந்தது.
ஹேன்ட்பிரேக்கை நம்பாதே என்று
முதலாளியே சொல்லி அனுப்பியிருந்தார்.
பிரேக்கில் ஊன்றிய கால்
தையல் மெசின் மாதிரி ஆடியது.
"கட்டை!"
என் தொண்டையிலிருந்துதான் வந்தது,
வேறு யாரோ கத்தியது போலிருந்தது.

கதவு திறந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.
கண்ணாடியில் பனி மட்டும்.
எண்பது மூடையும் என் முதுகில் சாய்ந்திருந்தன.

டக். டக்.

இனி நான் காலை எடுக்க வேண்டும்.
தட்டியவனுக்குப் பத்தொன்பது வயசு.
கண்ணில் பாதித் தூக்கம்.
கட்டை சக்கரத்தடியில் இருக்கிறதா,
பக்கத்தில் இருக்கிறதா?
நாலு வருசம் நான் தட்டிய தட்டுக்கெல்லாம்
மேலே ஒரு மனுசன்
இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா,
ஒரு நாளும் இறங்கிப் பார்க்காமல்?

எடுத்தேன்.
லொறி ஒரு விரற்கடை பின்னுக்கு வந்து
கட்டையில் சாய்ந்து நின்றது.
சாவியைத் திருப்பினேன்.

நுவரெலியாவில் சூடாய் ஒரு றாத்தல் பாண்,
பாதியாய்ப் பிய்த்துக் கொடுத்தேன்.
மென்றபடி கேட்டான்:
"நான் தட்டினது கேட்டிச்சா அண்ணே?"
கேட்டது என்றேன்.